கழற்றி மாட்டிய கைகள்

நுழையும்முன்

எந்திரம் ஒன்றைக் கண்டால் சிலர் வியப்பர். சிலர் அதன் விலையைக் கேட்பர். மிகச் சிலரே அதைப் பிரித்துப் பார்க்க விழைவர். அந்த மிகச் சிலருள் ஒருவர் ஜி.டி. நாயுடு. தொடக்கப் பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட கொங்கு நாட்டுச் சிற்றூர்ச் சிறுவர் ஒருவர், தம் கைகளையே ஆசானாகக் கொண்டு பேருந்து, மின்மோட்டார், சவரக் கருவி, மகிழுந்து எனப் பலவற்றை உருவாக்கினார். அவர் பெற்ற வெற்றிகளோடு, அவருக்குத் திறவாத கதவு ஒன்றைப் பற்றியும் இப்பாடம் பேசுகிறது.

விளையாட்டுப் பொருளும் விளையாடும் மனமும்

வண்ண நெகிழிக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்திச் சிறு வண்டி செய்து, அதனுள் விரலளவு மோட்டார் ஒன்றை வைத்து, பள்ளமிட்ட தடத்தில் ஓடவிடும் விளையாட்டை இன்றைய சிறார் பலர் அறிவர். அக்கட்டைகள் இன்றுள்ள வடிவில் டென்மார்க் நாட்டில் காப்புரிமை பெற்றது 1958ஆம் ஆண்டில். மின்சாரத்தால் தடத்தில் ஓடும் பந்தய வண்டிகள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது அதற்கு ஓராண்டு முன்பு. இவற்றுக்கெல்லாம் மூத்தது, துளையிட்ட உலோகப் பட்டைகளையும் திருகாணிகளையும் கொண்டு பாரந்தூக்கி, பாலம், வண்டி முதலியவற்றைச் சிறுவர்களே செய்து பார்ப்பதற்காக லிவர்பூல் நகரத்து பிராங்க் ஹார்ன்பி உருவாக்கிய கட்டுமானப் பெட்டி. அவர் அதற்குக் காப்புரிமை பெற்ற 1901ஆம் ஆண்டில், கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் ஊரில் துரைசாமி என்னும் சிறுவனுக்கு வயது எட்டு. அவ்வூருக்கு அத்தகைய பெட்டி எதுவும் வந்திருக்க வழியில்லை. ஆனால் அப்பெட்டி எந்த மனத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதோ அந்த மனம் அங்கே வளர்ந்துகொண்டிருந்தது.

கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள். தந்தை உழவர். தாயை மிக இளம் வயதிலேயே இழந்த அவருக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை; பள்ளிக்கூடத்திற்கும் அவரைப் பிடிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது. தோட்டக் காவலுக்கு அனுப்பப்பட்டவர் அங்கே தமிழ் நூல்களைத் தாமே படித்துப் பழகினார். கல்வி வேறு, பள்ளி வேறு என்ற எண்ணம் அவருக்குள் அப்போதே வேர்விட்டிருக்கலாம். பிற்காலத்தில் அரசோடு அவர் மோதிய ஒரு வழக்குக்கும் அந்த எண்ணமே காரணமாயிற்று.

முதல் எந்திரம்

ஆங்கிலேய வருவாய்த்துறை அலுவலர் ஒருவர் இருசக்கர உந்துவண்டியில் ஊருக்கு வந்தார். குதிரையோ மாடோ இன்றி, மிதிக்கவும் தேவையின்றித் தானே ஓடும் வண்டியை அந்த உழவர் வீட்டு இளைஞர் அதுவரை கண்டதில்லை. வண்டி புறப்பட்டுப் போய்விட்டது. அவர் மனம் அதன் பின்னேயே போயிற்று. அதை வாங்க வேண்டுமானால் பணம் வேண்டும். பணம் வேண்டுமானால் நகரம் போக வேண்டும். ஊரை விட்டுக் கோயம்புத்தூர் சென்று உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். ஆண்டுக்கணக்கில் காசு சேர்த்தார். சேர்ந்ததும் நிலம் வாங்கவில்லை, வீடு கட்டவில்லை. அந்த வண்டியைத்தான் வாங்கினார். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் செய்யப்பட்ட 1912ஆம் ஆண்டு மாதிரி ரட்ஜ் வண்டி அது.

வாங்கியவர் அதில் ஏறி ஊரைச் சுற்றியதோடு அமையவில்லை. அதன் பகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அன்றைய வண்டியில் எரிபொருளையும் காற்றையும் கலக்கும் கலப்பி ஒரு பக்கம். தீப்பொறி எழுப்பும் காந்தச் சுருள் ஒரு பக்கம். எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் வார்ப்பட்டை ஒரு பக்கம். அவற்றின் ஆங்கிலப் பெயர்களைச் சொல்லிக்கொடுப்பார் யாருமில்லை. கழற்றிய வரிசையை மனத்திற்கொண்டு, எதன் பின் எது என்று தேர்ந்து மீண்டும் பூட்டினார். பூட்டிய வண்டி ஓடியது. எந்திரத் தொழிலில் கழற்றுவது எளிது; மாட்டுவதில்தான் அறிவு இருக்கிறது. ஒரு திருகாணி மிஞ்சினாலும் ஏதோ ஒன்று புரியவில்லை என்று பொருள். அந்த வண்டியே அவருடைய பாடநூல். அதைக் கழற்றி மாட்டியதே அவர் எழுதிய முதல் தேர்வு.

அந்தப் பயிற்சி அவரை எந்திரம் பழுதுபார்ப்பவராக ஆக்கியது. பின்னர் திருப்பூரில் பஞ்சு அரைக்கும் ஆலை நடத்தினார். முதல் உலகப் போர்க் காலத்தில் பஞ்சு வணிகம் கொழித்தது. கையில் பெரும்பணம் சேர்ந்தது. அதைக் கொண்டு பம்பாய்ச் சந்தையில் இறங்கியவர் அனைத்தையும் இழந்து திரும்பினார். எந்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் அதன் உள்ளே இருப்பது தெரியும். சந்தையை அப்படிப் பிரித்துப் பார்க்க முடியாது என்பதை அவர் விலை கொடுத்துத்தான் அறிந்தார்.

பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு

கையில் ஒன்றும் இல்லாத நிலையில் அவரை நம்பியவர், கோயம்புத்தூரில் தொழில் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ். அவர் தந்த கடனுதவியோடு நாயுடு ஒரு பேருந்து வாங்கினார். 1920ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்தப் பேருந்து ஓடத் தொடங்கியது. ஓட்டுநரும் அவரே, உரிமையாளரும் அவரே, பழுதானால் கீழே படுத்துப் பார்ப்பவரும் அவரே.

இவ்வழித்தடத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பொள்ளாச்சி கோயம்புத்தூர் மாவட்டத்து ஊர். பழனியோ அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. இரு மாவட்டங்களின் சமவெளிகளையும் இணைத்த அந்த வழியில் அக்காலத்தில் தொடர்வண்டிப் பாதை இல்லை. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடியோடு நடந்த கூட்டம் ஒருபுறம். சந்தைக்குப் பொதி ஏற்றிய மாட்டுவண்டிகள் மறுபுறம். நடந்தால் இரண்டு நாள், வண்டி கட்டினால் ஏறத்தாழ ஓர் இரவும் ஒரு பகலும் என்றிருந்த வழியைப் பேருந்து சில மணி நேரத்துக்குள் அடக்கியது. மண்சாலை, மேடு பள்ளம், கோடையில் கொதிக்கும் எஞ்சின், மழையில் சேறு. இவற்றுக்கிடையே ஒரு வண்டியை நாள்தோறும் தவறாமல் ஓட்டுவதற்கு முதலாளியின் பணம் மட்டும் போதாது. பழுதுபார்ப்பவனின் காது வேண்டும்.

மதுரை நகரில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் பேருந்துத் தொழிலில் இறங்கி அப்போது எட்டாண்டுகள் ஆகியிருந்தன. அவர் நிறுவனத்துப் பேருந்தின் வருகையைக் கொண்டு கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று தென்மாவட்ட மக்கள் பெருமையாகச் சொல்வது உண்டு. கொங்கு மண்டலத்தில் அதே பெயரை நாயுடுவின் யு.எம்.எஸ். நிறுவனம் பெற்றது. ஒற்றைப் பேருந்து சில ஆண்டுகளில் பெரும் பேருந்து வரிசையாகப் பெருகியது. சுந்தரம் அய்யங்கார் சட்டம் பயின்று, தொடர்வண்டித் துறையிலும் வங்கியிலும் பணியாற்றியபின் தொழிலுக்கு வந்தவர். நாயுடு பரிமாறும் தட்டிலிருந்து வந்தவர். தென்தமிழகத்து மோட்டார்த் தொழிலின் இரு தூண்கள் இப்படி இரு வேறு மண்ணிலிருந்து எழுந்தன.

சுழலும் சுருள்

பேருந்துத் தொழிலில் செல்வம் சேர்ந்தபின்னும் நாயுடுவின் கை ஓயவில்லை. அவருடைய அடுத்த நாட்டம் மின்சாரத்தில் பதிந்தது. 1932ஆம் ஆண்டில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோயம்புத்தூரின் ஆலைகளுக்கும் தோட்டங்களுக்கும் மின்சாரம் வந்தது. மின்சாரம் நம் மலையில் பிறந்தது. அதைப் பயன்படுத்தும் மோட்டாரோ கடல் கடந்து வந்தது. இந்த முரண் அவருக்குப் பொறுக்கவில்லை. பீளமேட்டில் அமைந்த அவருடைய தொழிற்சாலையில், தி. பாலசுந்தரம் நாயுடுவின் துணையோடு 1937ஆம் ஆண்டில் மின்மோட்டார் உருவானது. இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என அது போற்றப்படுகிறது.

மோட்டார் செய்வது இன்று எளிய செய்தியாகத் தோன்றலாம். அன்று அது எளிதன்று. மெல்லிய எஃகுத் தகடுகளை ஒரே அளவில் வெட்டி அடுக்க வேண்டும். காப்பிட்ட செம்புக் கம்பியை உரிய எண்ணிக்கையில் சுற்ற வேண்டும். சுழலும் பகுதிக்கும் நிலையான பகுதிக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளி, சுற்றெங்கும் சமமாக இருக்க வேண்டும். அச்சு மயிரிழை விலகினாலும் உரசும். எடை ஒரு பக்கம் மிகுந்தாலும் அதிரும். வரைபடமும் பொறியாளர் படையும் உடைய அயல்நாட்டு நிறுவனங்கள் செய்ததை ஒரு பட்டறை செய்து காட்டியது.

தெரிந்து தெளிவோம்

பள்ளத் தடத்தில் ஓடும் விளையாட்டு வண்டியின் அடியில் சிறு முளை ஒன்று இருக்கும்; அது தடத்தின் பள்ளத்தில் அமர்ந்து வண்டிக்கு வழிகாட்டும். பள்ளத்தின் இருபுறமும் பதித்த உலோகப் பட்டைகளிலிருந்து, வண்டியின் அடியிலுள்ள செம்புப் பின்னல்கள் மின்சாரத்தைப் பெறுகின்றன. வண்டிக்குள் உள்ள மோட்டாரில், நிலைக்காந்தங்களுக்கு நடுவே ஒரு சுருள் இருக்கும். அரைச்சுற்றுதோறும் மின்னோட்டத்தின் திசையை மாற்றும் அமைப்பால் அது தொடர்ந்து சுழல்கிறது. கையிலுள்ள விசையை அழுத்த அழுத்த மின்னோட்டம் கூடி வண்டி விரையும். வளைவில் அளவு மீறினால் தடத்தை விட்டுத் தெறிக்கும். கிணற்றடி மோட்டார் மாறுமின்னோட்டத்தில் இயங்குவது. அதில் நிலையான சுருள்களே சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்கி, நடுவிலுள்ள உருளையை இழுத்துச் சுழற்றுகின்றன. உருவத்திலும் அமைப்பிலும் வேறுபட்டாலும் இரண்டையும் சுழற்றுவது காந்த விசையே.

இந்த மோட்டாரின் பயன் ஆலைகளோடு நிற்கவில்லை. மதுரையைச் சூழ்ந்த சமவெளியில், பெரியாறு அணையின் நீர் பாயும் கால்வாய்ப் பகுதி ஒருபுறமிருக்க, கால்வாய் எட்டாத திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து உழவர் கிணற்றையே நம்பியிருந்தனர். கொங்கு நாட்டில் கவலை என்றும் மதுரைப் பக்கம் கமலை என்றும் வழங்கும் தோற்பை ஏற்றத்தில் மாடுகள் முன்னும் பின்னும் நடந்து நீர் இறைத்தன. பொழுது விடியுமுன் தொடங்கினால் மாடு களைத்து நிற்கும்வரை இறைத்தாலும் பாயும் நிலம் சிறிதே. பிற்காலத்தில் கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் செய்த மோட்டாரும் நீரேற்றியும் தமிழகத்து ஊர்தோறும் சென்று அந்த மாடுகளை நுகத்திலிருந்து விடுவித்தன. அந்நகரம் நீரேற்றித் தொழிலின் தலைநகராக வளர்ந்ததற்கு ஒரே மனிதரைக் காரணமாகச் சொல்வது மிகையாகும். எனினும் தொடக்கத்தில் நின்றவர்களுள் அவர் முதன்மையானவர்.

பெரிய மோட்டாரைச் செய்த கை சிறிய மோட்டாரையும் நாடியது. உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டார் பொருத்திய சவரக் கருவியை அவர் உருவாக்கினார். ரசந்த் என்ற பெயரில் அது வழங்கியது. வீட்டுக்கு வீடு மின்சாரம் இல்லாத நாட்டில் மின்கலத்தால் இயங்கும் கருவியைச் செய்தது எண்ணத்தக்கது. மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவு எந்திரம் என அவர் செய்தவற்றின் பட்டியல் நீள்கிறது. ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941ஆம் ஆண்டில் அறிவித்தார். அவர் செய்தவற்றுள் பலவும் குறைந்த விலையை இலக்காகக் கொண்டவை. அரும்பொருளைச் செய்து காட்டுவதைவிட, அதை எளியவன் வாங்கும்படி செய்வதே அவருக்குப் பெரிதாயிருந்தது.

வெளிநாடுகளுக்குப் பலமுறை சென்றார். சென்ற இடமெல்லாம் படக்கருவியும் உடன் சென்றது. 1936இல் இலண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை அவரே படம்பிடித்தார். ஜெர்மனியின் தொழிற்சாலைகள் அவரைப் பெரிதும் கவர்ந்தன. விடுமுறைக்குச் செல்வோர் கோட்டை கொத்தளங்களைக் காண்பது போல் அவர் பட்டறைகளைக் கண்டுவந்தார்.

ஓடாத மகிழுந்து

1952ஆம் ஆண்டில் நாயுடு இருவர் அமரும் சிறு மகிழுந்து ஒன்றை உருவாக்கினார். பெட்ரோலில் ஓடுவது, விலை இரண்டாயிரம் ரூபாய். மகிழுந்து என்பது செல்வர் வீட்டு முற்றத்துப் பொருள் என்றிருந்த காலத்தில், நடுத்தரக் குடும்பத்தான் ஒருவன் சில ஆண்டுச் சேமிப்பில் அதை வாங்கலாம் என்ற கனவு அந்த வண்டியில் இருந்தது. உணவு விடுதியில் காசு சேர்த்து இருசக்கர வண்டி வாங்கிய இளைஞனை அவர் மறக்கவில்லை போலும்.

வண்டி ஓடியது, உற்பத்தி ஓடவில்லை. தொழில்களை முறைப்படுத்தும் சட்டம் 1951இல் இயற்றப்பட்டு மறு ஆண்டில் நடைமுறைக்கு வந்திருந்தது. பெருந்தொழில் தொடங்க அரசின் உரிமம் வேண்டும். அந்த உரிமம் அவருக்குக் கிடைக்கவில்லை. உற்பத்தி நிறுத்தப்பட்டது.

அரசின் பக்கம் சொல்லத்தக்கது இல்லாமற் போகவில்லை. விடுதலை பெற்ற நாட்டில் எஃகும் அயல்நாட்டுச் செலாவணியும் அருகியிருந்தன. மகிழுந்தைவிட அணையும் உரமும் முதன்மை என்று திட்டமிட்டோர் எண்ணினர். பட்டறையில் ஒரு வண்டியைச் செய்வது வேறு, ஆயிரக்கணக்கில் ஒரே தரத்தில் செய்வது வேறு என்பதும் உண்மையே. ஆயினும் செய்து காட்டியவனுக்குச் செய்து பார்க்க ஒரு வாய்ப்பைத் தருவதில் நாட்டுக்கு என்ன குறைந்திருக்கும் என்ற வினா இன்றும் எழத்தான் செய்கிறது. நடுத்தரக் குடும்பத்தார் வாங்கத்தக்க சிறு மகிழுந்து இந்தியச் சாலைகளில் பெருவாரியாக ஓடத் தொடங்கியது மாருதி வந்த 1983ஆம் ஆண்டுக்குப் பிறகே. இடையே கழிந்தவை முப்பது ஆண்டுகள். அந்த முப்பது ஆண்டுகளில் உரிமம் பெற்ற ஓரிரு நிறுவனங்களின் வண்டிகளுக்காக மக்கள் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர்.

எந்திரத்தில் எது தடைப்பட்டாலும் அவருக்குச் சரிசெய்யத் தெரியும். கோப்பில் தடைப்பட்டதை எந்த ஸ்பேனராலும் திருப்ப முடியவில்லை. வரிச்சுமையாலும் மனம் கசந்தவர் தாம் செய்த பொருள்கள் பலவற்றைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்துப் போட்டார். ஒவ்வொரு திருகாணியையும் தேடி எடுத்து மீண்டும் பூட்டிய கைகள், மீண்டும் பூட்ட இயலாதபடி உடைத்தன. அச்செயலைச் சினத்தின் விளைவு என்று சொல்வாரும் உண்டு, அறப்போர் என்று சொல்வாரும் உண்டு. அன்று உடைந்தவை வெறும் பொருள்கள் அல்ல என்பதை மட்டும் இரு சாராரும் ஏற்பர்.

கற்பிக்க விரும்பியவர்

அரசோடு அவர் கருத்து மாறுபட்டது இது முதல்முறையன்று. தொழிற்கல்வி வளர வேண்டும் என்று விரும்பிய நாயுடு, அதற்காகப் பெரும்பொருள் வழங்கினார். அவர் முயற்சியால், அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்பயிலகமும் பொறியியற் கல்லூரியும் கோயம்புத்தூரில் தோன்றின. அக்கல்லூரியே இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர் என்று பேசப்பட்டவர் 1945ஆம் ஆண்டில் பொறியியற் கல்லூரியின் முதல்வர் பொறுப்பில் அமர்ந்தார்.

அமர்ந்தவர் நெடுநாள் அங்கே நீடிக்கவில்லை. பொறியியல் பயில நான்கு ஆண்டுகள் எதற்கு, இரண்டு ஆண்டுகள் போதுமே என்பது அவர் கருத்து. பட்டறையில் நின்று கற்றால் காலம் மிஞ்சும் என்று அவர் நம்பினார். ஆங்கிலேய அரசு இசையவில்லை. அவர் பதவி விலகினார். அவர் சொன்ன இரண்டாண்டுக் கணக்கு எல்லார்க்கும் பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. கணிதமும் இயற்பியலும் இல்லாமல் ஓரளவுக்கு மேல் செல்ல முடியாத துறைகள் பல உள்ளன. அவரைப் போன்ற கை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆனால் எந்திரத்தைத் தொடாமலே எந்திரவியல் பட்டம் பெறலாம் என்ற நிலை கூடாது என்பதில் அவர் பக்கமே நியாயம் நிற்கிறது.

வேளாண்மையிலும் அவர் ஆய்வுகள் செய்தார். வழக்கத்தைவிட உயர்ந்து வளர்ந்த பருத்திச் செடிகள் அவருடைய தோட்டத்தில் நின்றன. அறிவியலறிஞர் சர் சி.வி. இராமன் அவரைப் பாராட்டி எழுதினார்.

முதுமையில், தாம் செய்தவற்றையும் உலகெங்கும் தேடிச் சேர்த்தவற்றையும் மக்கள் காணும்படி கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் தொழிற்பொருட்காட்சி ஒன்றை 1967இல் அமைத்தார். 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் முதன்முதலாகக் கழற்றி மாட்டிய ரட்ஜ் வண்டி இன்றும் கோயம்புத்தூரில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.